செக்யூரிட்டி அலாரம் பேனல நாமளே மாட்டி வயரிங் பண்ணலாமா?

கேட்டவர் கடை வச்சிருக்கீங்கனு நினைக்கிறேன். பேனல ஆன்லைன்ல வாங்கியாச்சு, மாட்டுறதுக்கு கூலி அதிகமா கேக்கறாங்க, எல்லாம் 12 வோல்ட் தானே நாமளே பண்ணிக்கலாமேனு தோணியிருக்கு. அந்த "12 வோல்ட் தானே"வுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். திருப்பூர் பக்கம் இதே வேலைய தொழிலா பண்றேங்க, கஸ்டமர் எல்லாரும் சொல்றது இதத்தான்.

சென்சார், கீபேட், சைரன் பக்கம் 12 வோல்ட் சரிதான். ஆனா அதே பேனல் பெட்டிக்குள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு வர்றது 230 வோல்ட்.

ஒரு அடகுக்கடைல கூப்பிட்டாங்க. ராத்திரில சும்மா சும்மா சைரன் அடிக்குது, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க, அதனால அலாரத்த ஆஃப் பண்ணியே வச்சிருக்கோம்னாங்க. தங்கம் இருக்கற கடைங்க அது! போய் பெட்டி மேல டெஸ்டர வச்சேன், பளிச்சுனு எரியுது. வேற யாரோ மாட்டினது. மெயின்ஸ் வயர் உள்ள நுழையற ஓட்டைல வயர் உரசாம காக்கற ரப்பர் வளையம் (கிரம்மெட்) போடல, தகர விளிம்பு உரசி பேஸ் வயரோட தோல் கிழிஞ்சு பெட்டியத் தொட்டுட்டு இருக்கு, எர்த் வயர வெட்டி மடக்கி டேப் சுத்தி விட்டிருக்காங்க. பெட்டிக்கு ஒட்டினாப்ல கீபேட். தினமும் காலைல ஒரு அக்கா வாசல் தெளிச்சுட்டு ஈரக்கையோட வந்து அங்கதான் நிப்பாங்களாம். எனக்கு கை கால் உதறிடுச்சு, உடனே மெயின் சுவிட்ச ஆஃப் பண்ண வச்சேன்.

அதோட முடியல. ஷட்டர் சென்சார் வயரையும் ஏசி லைனையும் ஒரே பைப்ல இழுத்திருந்தாங்க, ஏசி ஓடி நிக்கறப்பல்லாம் அலாரம் அடிச்சதுக்கு அதான் காரணம், வயர தனி பைப்புக்கு மாத்தினதும் நின்னுருச்சு. இன்னொன்னு, எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர்னு சென்சார் லைன்ல போடற சின்ன மின்தடை இருக்கு, அது எல்லாத்தையும் பேனல் டெர்மினல்லயே சொருகியிருந்தாங்க. அதனால என்னங்கனு ஓனர் கேட்டார். பேனல் பெட்டிய மூடி, சிஸ்டத்த ஆன் பண்ணி, ஷட்டர் சென்சாருக்கு போற 2 வயரையும் நடுவுல ஒரு இடத்துல தோல் உரிச்சு ஒண்ணா முறுக்கிட்டு, இப்ப ஷட்டர தூக்குங்கனேன். தூக்கினார். சத்தமே இல்ல. மனுசன் அப்படியே உட்கார்ந்துட்டார். ரெசிஸ்டர் கடைசில, சென்சாருக்குள்ள இருக்கணும். அப்ப நடுவுல யாராவது வயர ஷார்ட் பண்ணினா ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம் ஆயிரும், வெட்டினா லைன் ஓப்பன் ஆயிரும், ரெண்டையும் பேனல் கண்டுபிடிச்சிரும். மதிப்பு கம்பெனிக்கு கம்பெனி மாறும், டிஎஸ்சி கம்பெனி பேனல்னா 5.6 கே, அதாவது 5,600 ஓம்ஸ், உங்க பேனல் கூட வந்த மேனுவல பார்த்துக்கோங்க.

இவன் பொழப்பு போயிரும்னு பயமுறுத்துறான்னு சில பேர் நினைப்பீங்க. இல்லீங்க, சென்சார் ஒட்டறது, 4 கோர் வயர் இழுக்கறது, கீபேட் மாட்டறது எல்லாம் தாராளமா நீங்களே பண்ணுங்க. மெயின்ஸ் கனெக்ஷன மட்டும் லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீசியன்கிட்ட விடுங்க: டிபில (கரண்ட் பிரிஞ்சு போற மெயின் போர்டு) இருந்து தனியா ஒரு 6 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு ஏறினா தானா விழற சுவிட்ச்), பெட்டிக்கு கட்டாயம் எர்த். பிளக் பாயிண்ட்ல சொருகி விட்டுடாதீங்க, போன் சார்ஜ் போடறதுக்கு எவனாவது பிடுங்கி விட்டுருவான். பெட்டி ஷட்டர் பக்கத்துல இருக்கவே கூடாது, உள்ளுக்குள்ள, சென்சார் பார்வைல இருக்கற சுவத்துல மாட்டுங்க, வாசல்ல கீபேட் போதும்.

வயரிங் மொத்தமும் முடிஞ்சு மல்டிமீட்டர்ல பார்த்த பிறகுதான் கரண்டும், கரண்ட் போனா கைகொடுக்கற பேட்டரியும் குடுக்கணும். பின்னாடி எப்ப பெட்டிய திறந்தாலும் எம்சிபிய ஆஃப் பண்ணி, பேட்டரியையும் கழட்டிட்டு கைய வைங்க. மெயின்ஸ் ஆஃப் பண்ணியாச்சேனு இருக்காதீங்க, அந்த 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரில ஸ்பேனரோ கைல போட்டிருக்கற மோதிரமோ ரெண்டு டெர்மினலையும் தொட்டா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும், சதை வெந்துரும்.

இதையும் சொல்லியே ஆகணும், புதுசா கட்டடம் கட்டுறவங்க ஏசிக்கு பைப் விடறாங்க, டிவிக்கு விடறாங்க, 20 லைட்டுக்கு பால்ஸ் சீலிங்ல ஓட்டை போடறாங்க, அலாரம் வயருக்கு ஒரே ஒரு முக்கால் இஞ்ச் பைப் விடுங்கனு கெஞ்சினா இன்ஜினியர் காதுலயே வாங்கறதில்ல. பெயிண்ட் அடிச்சு முடிச்ச பிறகு எங்கள கூப்பிட்டு, சுவத்த உடைக்காம வயர் வெளிய தெரியாம மாட்டிக் குடுங்கம்பாங்க. எங்கீங்க மாட்டறது? அந்த அடகுக்கடைல ஏசி பைப்ல வயர விட்டவன்கூட வேற வழி இல்லாமத்தான் விட்டிருப்பான்னு தோணுது. எர்த்த வெட்டினதுக்கு மட்டும் அவனுக்கு மன்னிப்பே இல்ல.

மாட்டி முடிச்சதும் எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு பேட்டரில மட்டும் சைரன் முழுச் சத்தத்துல அடிக்குதானு பாருங்க, மாசம் ஒருக்கா இதே மாதிரி பாருங்க. சத்தம் கம்மி ஆனாலோ பேட்டரி வயிறு உப்பியிருந்தாலோ உடனே மாத்திருங்க.