சிக்னல் வந்தால் வறுமை போகுமா? டிஜிட்டல் இடைவெளி பற்றிய கேள்விகளும் பதில்களும்

கிராமப்புற இணைய மையங்களிலும், பெரியவர்களுக்கான பயிற்சி வகுப்புகளிலும் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். வளரும் நாடுகளில் டிஜிட்டல் இடைவெளியை, அதாவது போனும் இணையமும் பயன்படுத்துபவர்களுக்கும் பயன்படுத்த முடியாதவர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, குறைத்தால் வறுமை குறையுமா என்பது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, இன்று எங்கு பார்த்தாலும் டவர், எல்லார் கையிலும் போன். இன்னும் டிஜிட்டல் இடைவெளி என்று பேசுவது பழைய கதை இல்லையா?

எல்லார் கையிலும் இல்லை தம்பி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி, உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் சுமார் 180 கோடிப் பேர் கிராமத்து மக்கள். அப்போது பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 93 பேர் இணையத்தில் இருந்தார்கள். மிக ஏழை நாடுகளில் 27 பேர்தான்.

டவர் பற்றி நீ சொன்னது ஓரளவு சரிதான். மொபைல் இணைய சிக்னலே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் உலக மக்கள்தொகையில் 4 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். தலைக்கு மேலே சிக்னல் இருந்தும் பயன்படுத்தாதவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு அதிகம். போன் வாங்கக் காசில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை, சொந்த மொழியில் ஒன்றுமில்லை, சிம் வாங்க அடையாள அட்டை இல்லை, எதையாவது அழுத்திப் பணம் போய்விடுமோ என்று பயம். இதையெல்லாம் டவர் சரிசெய்யாது. ஆனால் டவரைப் படம் எடுத்துப் போட முடியும், பயம் தெளிந்த ஒரு மனுஷியைப் படம் எடுத்துக் காட்ட முடியாது. திட்டப் பணம் டவர் பக்கமே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: போன் வந்ததால் ஏழையின் வருமானம் கூடியது என்பதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா சார்? விளம்பரத்தில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மீன் கணக்கு.

1997 ஜனவரி 14. கேரளத்தின் வடகரைக் கடற்கரை. 11 மீனவர்கள் பிடித்த மத்தியோடு கரைக்கு வந்தார்கள். வாங்க ஆளில்லை. அத்தனையையும் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற சந்தைகளில் 27 பேர் மீன் வாங்கத் தயாராக நின்றிருந்தார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த வருடம் தொடங்கி 2001 வரை அந்தக் கடற்கரைக்குப் படிப்படியாக மொபைல் வந்தது. டவர்கள் கடலோரம் இருந்ததால் கடலுக்குள் இருபது கிலோமீட்டர் தாண்டியும் சிக்னல் கிடைத்தது. மீனவர்கள் திரும்பி வரும் வழியிலேயே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதுவரை 5 முதல் 8 சதவீதம் வரை வீணான மீன் பிறகு ஏறக்குறைய வீணாகவே இல்லை. மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது.

இதோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். மகாராஷ்டிரத்தில் விவசாயிகளுக்குப் போனில் விலையும் வானிலையும் அனுப்பிய ஒரு சேவையை ஃபாஃப்சாம்ப்ஸ், மின்டன் என்ற இருவர் நூறு கிராமங்களில் ஆராய்ந்தார்கள். விவசாயிக்குக் கிடைத்த விலை சராசரியாகக் கூடவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? நான் பார்த்த வரையில், விலை தெரிவது வேறு, அந்த விலைக்கு விற்க முடிவது வேறு. மீனவரிடம் படகு இருந்தது, திருப்பினார். வண்டி இல்லாதவருக்கும், விதைக்கும் உரத்துக்கும் அந்த வியாபாரியிடமே கடன் வாங்கியவருக்கும் அடுத்த சந்தையின் விலை தெரிந்து என்ன ஆகப்போகிறது? அதனால் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்தத் தகவல் கிடைத்ததும், இந்த ஆளால் எதைத் திருப்ப முடியும்?

கேள்வி: கென்யாவின் எம்-பெசா பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வங்கியே இல்லாத ஊரில் அது எப்படி நடக்கிறது?

எம்-பெசா என்பது போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் அதைத் தொடங்கியது. ‘பெசா’ என்றால் சுவாஹிலியில் பணம். நம் ‘பைசா’வின் உறவுதான். இணையம் வேண்டாம், சாதாரண பட்டன் போன் போதும்.

நடப்பது இதுதான். முகவராக இருக்கும் ஒரு சின்னக் கடை. வாடிக்கையாளர் அடையாள அட்டையைக் காட்டி நோட்டுகளைக் கொடுக்கிறார். கடைக்காரர் தன் கணக்கில் இருக்கும் மின்னணுப் பணத்தை அவர் கணக்குக்கு மாற்றுகிறார். இருவர் போனுக்கும் செய்தி வருகிறது. அப்புறம் அவர் ரகசிய எண்ணை அழுத்தித் தொலைவில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புகிறார். அம்மா தன் ஊர் முகவர் கடையில் அதை நோட்டாக மாற்றிக்கொள்கிறார். அதற்கு முன்பு இதே பணம் பஸ் டிரைவரிடமோ, ஊருக்குப் போகும் தெரிந்தவரிடமோ கொடுத்தனுப்பப்பட்டது. சில சமயம் போய்ச் சேரும், சில சமயம் சேராது.

தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாக மதிப்பிட்டது. இது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம். பெண்கள் தலைமையிலான குடும்பங்களில் பலன் கூடுதல். சுமார் 1,85,000 பெண்கள் வயிற்றுப்பாட்டு விவசாயத்தை விட்டுத் தொழில், வியாபாரம் என்று மாறினார்கள். ஒரு வீட்டில் நோயோ வறட்சியோ வந்தால், தூரத்து உறவினர் பணம் அன்றே வந்து சேர்கிறது. ஆட்டை விற்க வேண்டாம், பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டாம். ஏழ்மையில் இருப்பவருக்கு இப்படி நெருக்கடி வரும் அந்த ஒரு வாரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியை): ஒரு நன்கொடையாளர் எங்கள் பிள்ளைகளுக்கு டேப்லெட் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வாங்குவதற்கு முன் பெரு நாட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள் டீச்சர். பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தில் அங்கே லட்சக்கணக்கில் கருவிகளைக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் 15 மாதம் கழித்துப் பார்த்தபோது, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. கருவி வந்தது. அதை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியருக்குப் போதிய பயிற்சி வரவில்லை, பெரும்பாலான இடங்களில் இணைய இணைப்பும் வரவில்லை.

இதற்கு நேர்மாறாக மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் நடந்த ஒன்று. பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. சில கிராமங்களில் மட்டும் அதே வகுப்போடு சாதாரண மொபைலைப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்தார்கள். எண்களை அறிவது, குறுஞ்செய்தி எழுதுவது, படிப்பது. அந்தக் கிராமத்தினர் தேர்வில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அங்கே ஆசிரியர் இருந்தார், பாடம் இருந்தது. போன் அதற்குத் துணை நின்றது.

நன்கொடையாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பழுது பார்ப்பது யார், சார்ஜ் செய்வது எங்கே, ஆசிரியர் பயிற்சிக்கு எத்தனை நாள். பதில் தடுமாறினால் பாதிக் கருவிகள் போதும், மீதிப் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி (மகளிர் குழுப் பணியாளர்): வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் ஆண்கள் கையில். பெண்களிடம் எதைக் கொண்டு சேர்ப்பது?

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 15 சதவீதம் குறைவு என்று 2023-இல் கணக்கிட்டார்கள். ஆனால் எனக்கு இந்தக் கேள்வி என்றால் எண் நினைவுக்கு வருவதில்லை, ஒரு முகம் வருகிறது.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு அம்மா மையத்துக்கு வந்தார். கணவரின் எண்ணைப் பதிவு செய்திருந்தார்கள். கணவர் வேலையில். ஓடிபி அவர் போனுக்குப் போகும். இந்த அம்மா எங்கள் போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார். அவர் செய்தியைத் தேடிப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று தடவை இப்படி. நான்காவது தடவை அவர் எடுக்கவே இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பையின் முடிச்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் முதல் பாடத்தையே மாற்றினோம். அவரவர் பெயரில் ஒரு சிம், அந்த எண் மனப்பாடம், ரகசிய எண் யாருக்கும் சொல்லாமை. மற்றதெல்லாம் பிறகு. சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்தால் நல்லது. 1997-இல் வங்கதேசத்தில் கிராமீன் தொடங்கிய கிராமத் தொலைபேசித் திட்டத்தில் கடன் வாங்கிப் போன் வைத்து, நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கியவர்கள் பெண்கள்தான். போன் ஒரு பெண்ணின் வீட்டில் இருந்ததால் மற்றப் பெண்களும் தயங்காமல் வந்தார்கள். போன் மலிவானதும் அந்த வருமானம் சுருங்கிப்போனது, அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: டேட்டா கட்டணம் எவ்வளவு இருந்தால் ஏழைக்குக் கட்டுப்படியாகும்?

ஐ.நா.வின் அகண்ட அலைவரிசை (பிராட்பேண்ட்) ஆணையம் வைத்த இலக்கு, அடிப்படை இணைப்பின் மாதக் கட்டணம் தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. நாட்டின் சராசரி வருமானத்தை வைத்துப் போடும் கணக்கு இது. சராசரிக்குப் பாதியில் வாழ்பவருக்கு அதே கட்டணம் இரட்டைச் சுமை.

கம்பெனிகள் லாபமில்லை என்று ஒதுக்கிய இடங்களில் மக்களே வலையமைப்பு நடத்துகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் மன்கோசி கிராமத்தில் ‘சென்செலேனி’ என்ற கூட்டுறவு இருக்கிறது. நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். மெக்சிகோவின் தலேயா தே காஸ்த்ரோ 2013-இல் சொந்த மொபைல் சேவையைத் தொடங்கியது. இப்படிப்பட்டவர்களுக்கு அரசுகள் அலைவரிசையை எளிதாக ஒதுக்கித் தந்தாலே பெரிய உதவி.

கேள்வி: என் தம்பி கடன் ஆப்பில் மாட்டிக்கொண்டு தவிக்கிறான். இணைப்பு கொடுத்ததே தப்பு என்று தோன்றுகிறது.

உங்கள் கோபம் நியாயமானது. எம்-பெசாவைப் புகழ்ந்த அதே கையால் இதையும் எழுதுகிறேன். 2012-இல் கென்யாவில் எம்-பெசா வழியாகவே வந்த எம்-ஷ்வாரி என்ற போன் கடனுக்கு ஒரு மாதக் கட்டணம் 7.5 சதவீதம். மாதாமாதம் எடுத்தால் வருடத்துக்கு 90 சதவீதம். அதற்குப் பின் கட்டுப்பாடே இல்லாத ஆப்கள் குவிந்தன. 2021-இல் சட்டத்தைத் திருத்தி டிஜிட்டல் கடன் கொடுப்பவர்களை மத்திய வங்கியின் கீழ் கொண்டுவந்தார்கள். அந்த இடைப்பட்ட வருடங்களில் அடிபட்டவர்கள் ஏழைகள்தான். தம்பியை முதலில் புதுக் கடன் எடுத்துப் பழைய கடனை அடைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள்.

கேள்வி: அரசு உதவியெல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டால் ஊழல் குறையும் அல்லவா?

இடைத்தரகர் குறைவார். மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் ‘நோவிசி’ என்று ஒரு திட்டம் வந்தது. பட்டன் போனிலேயே பதிவு செய்யலாம், வாக்காளர் அட்டை எண் போதும், பணம் நேராக மொபைல் கணக்குக்கு வந்தது. பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். அருமையான வேலை. ஆனால் போனே கைக்கு எட்டாதவருக்கு அதுவும் எட்டாது. தேய்ந்த விரல்ரேகை கருவியில் பதியாத கூலித் தொழிலாளிக்கு நேரில் போய் நிற்க ஒரு ஜன்னல் வேண்டும். ஆன்லைன் வரட்டும், பழைய கவுன்டரை மூடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (இளம் பொறியாளர்): ஏழை விவசாயிகளுக்காக ஒரு ஆப் செய்ய ஆசை சார். எங்கிருந்து தொடங்குவது?

நல்ல ஆசை. முதல் இரண்டு வாரம் லேப்டாப்பைத் திறக்காமல் ஒரு குடும்பத்தோடு நடந்து பாருங்கள். எந்த வேலைக்கு எத்தனை தடவை போனார்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு, எத்தனை நாள் கூலி போனது, எங்கே திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் நேரத்தையும் காசையும் மிக அதிகமாகத் தின்னும் நடை எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆப் இல்லாமல் ஒரு மிஸ்டு கால், திரும்பி வரும் ஒரு குரல் பதிவு என்ற அளவிலேயே தீரக்கூடும்; படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் வசதி. உள்ளூர் விவசாயி ஒருவரே பேசிய குரலாக இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்று எண்ணாதீர்கள். அதே நோட்டை எடுத்துக்கொண்டு அதே வீட்டுக்குப் போய், அந்த நடை எத்தனை குறைந்தது என்று கேளுங்கள். குறையவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.