பலகைச் சந்தும் 1,100 படங்களும்

அன்புள்ள சார்,

மதுரையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேமராவுக்குள் வரும் வெளிச்சத்தைச் சரிசெய்யும் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிரெஞ்சு போட்டோகிராபர் கார்ட்டியர் பிரஸ்ஸான்தான் என் ஆதர்சம். பாரிஸில் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் படம் என் போன் வால்பேப்பர். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பர்ஸ்ட் மோடில், அதாவது பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக, 1,100 படம் எடுத்தேன். தேறியது இரண்டு. இணைத்திருக்கிறேன். அதில் ஒன்றை ஓரத்தை வெட்டி, கிராப் செய்துதான் காட்ட முடிகிறது. நல்ல போட்டோகிராபர் கிராப் செய்யமாட்டார் என்கிறார்கள் வகுப்பில். சரியான கணத்தைப் பிடிக்கும் கண் பிறவியிலேயே வருவதா சார்?

ஒரு மாணவன், மதுரை

அன்புள்ள தம்பி,

முதலில் கிராப் விஷயம். உங்கள் வால்பேப்பரே கிராப் செய்த படம்தான். 1932இல் செயின்ட் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் பலகை வேலி ஒன்று இருந்தது. அதன் சந்தில் லென்ஸை வைத்து எடுத்தார் கார்ட்டியர் பிரஸ்ஸான். லென்ஸ் முழுதாக நுழையும் அளவுக்குச் சந்து அகலமில்லை, இடப்பக்கம் மறைந்துவிட்டது. அதை வெட்டினார். மற்றபடி வெட்டுவது அவருக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் விதியா, படமா என்று வந்தபோது படத்தைத்தான் வைத்துக்கொண்டார். நீங்களும் தைரியமாக வெட்டுங்கள்.

‘சரியான கணம்’ என்ற சொல்தான் உங்களைப் படுத்துகிறது என்று நினைக்கிறேன். 1952இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்புக்கு வைத்த தலைப்பு அது. பிரெஞ்சுத் தலைப்பு வேறு. போலீஸ் தலை தெரிந்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற நடைபாதை வியாபாரி இருக்கிறாரே, அவரைப் பற்றிப் பேசும்போது வரும் சொல் அதில் இருக்கிறது. அவசரமாக, கொஞ்சம் கள்ளத்தனமாக எடுத்த படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தத் தலைப்புதான் பிடிக்கும். இதில் ஞானி யாரும் இல்லை, ஒரு தெருக்காரர்தான் இருக்கிறார்.

அதே 1932இல் பிரான்ஸில் இயேர் என்ற ஊரில் அவர் எடுத்த சைக்கிள் படத்தைப் பாருங்கள். வளைந்து இறங்கும் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, வளைந்து போகும் தெரு. இவை எதுவும் ஓடிவிடாது. ஓடுவது சைக்கிள் மட்டும். முக்கால்வாசிப் படம் சைக்கிள் வருமுன்பே தயார். நீங்கள் அன்று ஆற்றில் குதிரை வாகனத்தின் பின்னாலேயே ஓடியிருக்கிறீர்கள், அதனால்தான் 1,100.

ஒரு வேலை செய்து பாருங்கள். கேமராவோடு வந்த கிட் லென்ஸை 35 மி.மீ.யில் வைத்து, ஆட்டோபோகஸை அணைத்து, f/8 அபெர்ச்சரில் 4 மீட்டருக்குக் குவியத்தை நிறுத்திவிடுங்கள். உங்கள் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சற்றுச் சிறிய சென்சார் என்றால் சுமார் 2.7 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அப்புறம் கேமரா யோசிக்க ஒன்றுமில்லை, நீங்கள் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 36 படம், பழைய பிலிம் ரோல் ஒன்றின் கணக்கு, அவ்வளவுதான். விடிகாலை வெளிச்சத்துக்கு இது உதவாது. வெயில் ஏறிய பிறகு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்று பாருங்கள்.

(36 என்றதும் என் கதை ஒன்று. ஒரு கல்யாணத்தில் ஆர்வமாக எடுத்துத் தள்ளினேன். எண் 36ஐத் தாண்டி 41 காட்டியபோதுதான் ரோல் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை என்று புரிந்தது. அந்த மணமக்கள் இன்றும் என்னோடு பேசுகிறார்கள், அதிசயம்தான்.)

தவறவிட்டதற்காக வருந்துகிறீர்கள். 1950 ஏப்ரலில் கார்ட்டியர் பிரஸ்ஸான் திருவண்ணாமலையில் இருந்தார், ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தபடி. 14ஆம் தேதி இரவு தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்றவர், ஒளிவாலோடு ஓர் எரிநட்சத்திரம் போவதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார், 8.47. ஆசிரமத்துக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கணத்தை அவர் நமக்குச் சொல்லித்தான் தந்திருக்கிறார். பத்திரிகைப் போட்டோகிராபர் ஹோமாய் வியாரவாலாவுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரைக் கணவர் திரும்ப அழைத்துவிட்டார், நாளை சேர்ந்தே போகலாம் என்று. அந்தப் படம் கிடைக்காமல் போனது கடைசிவரை அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆக, கண் பிறவியில் வருவதா என்று என்னைக் கேட்டால், வாசலில் நிற்கும் பழக்கம் நிச்சயமாகப் பிறவியில் வருவதில்லை.

உங்கள் இரண்டு படங்களில் அழகர் படம் சுமார்தான், அது எல்லோரிடமும் இருக்கும். துருத்தியால் தண்ணீர் பீய்ச்சும் பையன் படம் நன்றாக இருக்கிறது. நீர் வளைந்து விழும் கோட்டுக்குக் கீழே ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரே, அவரைக் கவனித்து எடுத்தீர்களா, தானாக விழுந்தாரா? அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இருபது படங்களை அழிக்காமல் வைத்திருந்தால் வரிசை மாற்றாமல் அனுப்புங்கள். பார்த்தால் தெரிந்துவிடும்.