பொண்ணு ஆத்துமா பத்திப் படிக்கணும்னு சொல்றா, என்ன பண்றது?

அம்மா, உங்க வாய்ஸ் மெசேஜ முழுசா கேட்டேன். சயின்ஸ் நல்லா படிக்கற பொண்ணு திடீர்னு கிறிஸ்தவ மறைஞானம், அதாவது கடவுள நேரா உள்ளுக்குள்ள உணர்றது பத்தின படிப்பு, படிக்கப் போறேங்கறா, மனசும் ஆத்துமாவும் ஒண்ணா வேறயா, ஆவின்னா என்ன, இதுக்கெல்லாம் உடம்போட என்ன சம்பந்தம்னு ராத்திரி பூரா வாசிச்சுட்டு இருக்கா, இவ எதிர்காலம் என்னாகும்னு கேக்கறீங்க. உங்க பயம் நியாயம்தான். ஆனா "உலகத்த விட்டு ஓடற படிப்பு"ன்னீங்க பாருங்க, அத மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

பைபிள்ல அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுன முதல் கடிதத்துல ஆவி, ஆத்துமா, சரீரம் மூணும் சேந்து காக்கப்படணும்னுதான் வேண்டறார், சரீரத்த ஒதுக்கி வைக்கல. ஸ்பெயின் கன்னியாஸ்திரி அவிலா தெரேசா 1577-ல ஆத்துமாவ ஏழு தங்குமிடங்கள் இருக்கற கோட்டையா எழுதுனாங்க, அதுல நாலாவது இடத்துக்கு வரும்போது ஒரு விஷயம் சொல்றாங்க, இத எழுதிட்டு இருக்கும்போதே என் தலைக்குள்ள பல ஆறு பாயற மாதிரி இரைச்சல், பறவைங்க சத்தம் வேற, ஆனாலும் என் ஜெபத்துக்கு அது தடையா இல்லன்னு. மனசு அலைஞ்சுட்டு இருக்கு, ஆத்துமா கடவுள்கிட்ட அமைதியா இருக்கு, தலைவலி ஒரு பக்கம், மூணும் ஒரே ஆள்கிட்ட ஒரே நேரத்துல! உங்க பொண்ண இழுக்கறது இந்த இடம்தான்னு நினைக்கறேன், இத வாசிச்சா எனக்கே சிலிர்க்குது.

இப்ப படிப்புக்கு வர்றேன். அவளுக்கு ஆசை ஜெபிக்கறதுலயா, ஆராயறதுலயா? முதல்ல அத கேளுங்க. ஜெப வாழ்க்கைதான்னா எந்த டிகிரியும் அத தராது, நல்ல ஆன்மிக வழிகாட்டி ஒருத்தர் வேணும். ஆராய்ச்சின்னா, கோர்ஸோட பேர விட மூல மொழி சொல்லித் தர்றாங்களான்னு பாருங்க. கிரேக்கத்துல நியூமான்னா காத்து, மூச்சு, ஆவி எல்லாமே, நம்ம ஆவிங்கற சொல்லும் நீராவி, உயிர், பேய்னு எங்கெங்கயோ போகுதுல்ல, மொழி தெரியாம இதுல இறங்குனா ஒவ்வொரு வரியிலயும் வழுக்கும். பேராசிரியர் வேலை கம்மி, போட்டி ஜாஸ்தி, இத அவகிட்ட மறைக்காதீங்க.

என் யோசனை என்னன்னா, முதல் டிகிரி சைக்காலஜியோ நர்சிங்கோ, கூடவே கிரேக்கம், அப்புறம் மேல்படிப்பா இறையியல். உதாரணத்துக்கு, இங்கிலாந்துல சிசிலி சாண்டர்ஸ்னு ஒருத்தங்க, நர்ஸ், சமூகப் பணியாளர், டாக்டர்னு மூணுமா இருந்தவங்க, 1967-ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் காலத்துல இருக்கறவங்கள பாத்துக்கற இடத்த, ஆரம்பிச்சாங்க. சாகப் போறவங்களோட வலிய உடம்பு, மனசு, உறவு, ஆவின்னு நாலையும் சேத்து முழு வலின்னு பாத்தாங்க. மார்பின்ங்கற வலி மருந்த நேரம் தவறாம குடுக்கறதும், பயந்து போனவர் பக்கத்துல பேசாம உக்காந்திருக்கறதும் அவங்களுக்கு ஒரே சிகிச்சைதான். இன்னைக்கு வலி தணிப்பு மருத்துவத்துலயும் ஆஸ்பத்திரி ஆன்மிகத் துணைப் பணியிலயும் உங்க பொண்ணு கேக்கற அதே கேள்விதான் தினம் கட்டில் பக்கத்துல வருது.

இந்த வாரம் திட்டாம ஒரு மணி நேரம் அவ வாசிக்கறத உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க, எந்த இடத்துல அவ குரல் மாறுதுன்னு கவனிங்க, அத எனக்கு எழுதி அனுப்புங்க, அதுக்கப்புறம் அப்ளிகேஷன் பத்திப் பேசலாம்.