அனுபவசாலி ரிசீவருக்காக டிராஃப்ட் தெரிவுகளைக் கொடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பியின் மகன்மார் இருவரும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஊறியவர்கள். எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் பெயர்பெற்ற ஒரு ரிசீவரைப் பெறுவதற்காகத் தங்கள் அணி டிராஃப்ட் தெரிவுகளை, அதாவது புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் உரிமைகளை, கைமாற்ற வேண்டும் என்கிறான் மூத்தவன். அது நாளைய அணியை இன்றைக்கே விற்பதாகும் என்கிறான் இளையவன். "பெரியப்பா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ" என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். எனக்கோ லங்கா பிரீமியர் லீக்கில் முன்பு நடந்த டிராஃப்ட் மட்டுமே தெரியும். யார் சொல்வது சரி?
(வாசகர் ஒருவர், கோண்டாவில்)

பதில்: பெரும்பாலான வேளைகளில் இளையவன் சொல்வதே சரி என்பது என் முடிவு. ஆனால் அவன் சொல்லும் காரணம் போதாது.

ஜஃப்னா கிங்ஸ் டிராஃப்டில் ஒருவரைத் தெரிவு செய்தபோது அதன் பயன் பெரும்பாலும் அந்தப் பருவகாலத்தோடு முடிந்தது. அமெரிக்காவில் அப்படியல்ல. அங்குள்ள தேசிய உதைபந்தாட்ட லீக்கின் (NFL) 32 அணிகளும் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் கல்லூரி வீரர்களைத் தெரிவு செய்கின்றன. முந்திய பருவகாலத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதலிடமும் சம்பியனுக்குக் கடைசி இடமும் கிடைக்கின்றன. தெரிவாகும் இளைஞர் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சேருகிறார். முதற்சுற்றில் வந்தவரென்றால் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டுக்கும் அவரை வைத்துக்கொள்ளலாம். அவருடைய சம்பளமோ அவர் எத்தனையாவது ஆளாகத் தெரிவானார் என்பதைக் கொண்டு ஏறத்தாழ முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். எல்லா அணிகளும் ஒரே சம்பள உச்சவரம்புக்குள் செலவழிக்க வேண்டிய லீக்கில், ஒரு தெரிவைக் கொடுக்கும் அணி ஓர் இளைஞரை மட்டுமன்றி, அவர் குறைந்த சம்பளத்தில் ஆடக்கூடிய நான்கைந்து ஆண்டுகளையும் சேர்த்தே கொடுக்கிறது. வரும் அனுபவசாலியோ சந்தை விலையில் புதிய ஒப்பந்தம் கேட்பார். ஆகவே அணி இரண்டு தடவை விலை கொடுக்கிறது: முதலில் தெரிவாக, பிறகு சம்பளமாக.

2022 மார்ச்சில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணி டவான்டே அடம்ஸ் என்ற ரிசீவரைப் பெறுவதற்கு அவ்வாண்டின் முதற்சுற்று, இரண்டாம் சுற்றுத் தெரிவுகளைக் கிறீன் பே அணிக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாண்டுகளுக்கு 140 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தையும் அவருக்கு வழங்கியது. அதாவது ஆண்டுக்குச் சராசரி 28 மில்லியன்; அவ்வாண்டு ஓர் அணிக்கான உச்சவரம்போ 208.2 மில்லியன். அடம்ஸ் தன் கடமையில் குறை வைக்கவில்லை. 100 பந்துகளைப் பிடித்து, 1,516 யார்டு தூர முன்னேற்றமும், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் டச்டவுன்கள் 14உம் எடுத்தார். ஆயினும் அணி 6 வெற்றிகளோடும் 11 தோல்விகளோடும் முடித்தது. பந்தை எறியும் குவாட்டர்பெக்கும் அவரைப் பாதுகாக்கும் முன்வரிசையும் சரியாக இல்லாத அணியில், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் ஆட்டத்தின் முடிவை அவரால் தனியே மாற்ற முடியாது. மூத்தவன் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2020இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவரை பஃபலோ அணிக்கு அனுப்பி, அதற்கு ஈடாகப் பெற்ற 22ஆம் தெரிவில் ஜஸ்டின் ஜெபர்சன் என்ற இளம் ரிசீவரை எடுத்தது. அவருடைய முதல் நான்கு ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் முழுவதுமே ஏறத்தாழ 13 மில்லியன் டொலர்தான்; அந்த ஒப்பந்தக் காலத்திலேயே 2022இல் 1,809 யார்டுகள் எடுத்து லீக்கில் முதலிடம் பெற்றார். டிக்ஸும் பஃபலோவில் 2020இல் 1,535 யார்டுகளுடன் முதலிடத்தில் நின்றார் என்பதால், இரு தரப்பும் பயனடைந்த அபூர்வமான கைமாற்றம் இது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: தெரிவுகள் அவ்வளவு பெறுமதியானவை என்றால், முதற்சுற்றுத் தெரிவைக் கொடுத்து ஏ. ஜே. பிறவுண் என்ற ரிசீவரை வாங்கிய பிலடெல்பியா அணி எப்படிச் சம்பியன் ஆனது?
(மாணவர் ஒருவர், சாவகச்சேரி)

பதில்: நல்ல இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். டிராஃப்டில் எடுக்கப்படும் எல்லோரும் ஜெபர்சன் ஆகிவிடுவதில்லை. அதே 2020இல், ஜெபர்சனுக்குச் சரியாக ஓர் இடம் முன்னால், 21ஆம் தெரிவில் ஜேலன் ரேகர் என்ற ரிசீவரை எடுத்தது இதே பிலடெல்பியாதான். இரண்டு பருவகாலங்களின் பின் அவரை விட்டுவிட வேண்டியதாயிற்று. 2022 டிராஃப்ட் இரவில் அது 18ஆம், 101ஆம் தெரிவுகளை டெனசி அணிக்குக் கொடுத்து பிறவுணைப் பெற்றது. டெனசி அந்த 18ஆம் தெரிவில் எடுத்த டிரேலன் பேர்க்ஸ், பிறவுண் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பவில்லை.

ஆனால் பிறவுணுக்கு அப்போது வயது 24 என்பதை மறக்கக் கூடாது. அவருக்குப் பந்தெறிந்த ஜேலன் ஹேர்ட்ஸ், 2020இன் இரண்டாம் சுற்றில் தெரிவாகி, இன்னும் குறைந்த சம்பளத்தில் இருந்தார். அதனால் பிறவுணுக்கு நான்காண்டுகளுக்கு 100 மில்லியன் டொலர் கொடுக்க அணியிடம் இடமிருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த அணிக்கு முதற்சுற்றுத் தெரிவைக் கொடுப்பது தகும் என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். 2025 பெப்ரவரியில் அவர்கள் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்றார்கள்.

பிறவுணை விற்ற டெனசியின் கதைதான் எனக்கு வருத்தமானது. ஓராண்டுக்கு முன்னர், 2021இல், 32 வயதான ஜூலியோ ஜோன்ஸ் என்ற ரிசீவருக்காக அது ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவையும் ஒரு நான்காம் சுற்றுத் தெரிவையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்திருந்தது. தலைமுறையின் மிகச் சிறந்த ரிசீவர்களுள் ஒருவரான அவர் அங்கே 10 ஆட்டங்களில் 434 யார்டுகளும் ஒரே ஒரு டச்டவுனும் எடுத்தார். அடுத்த மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். ஏப்ரலில் பிறவுணும் போனார். முதியவருக்காகத் தெரிவுகளையும் கொடுத்து, இளையவரையும் இழந்தது அந்த அணி.

கேள்வி: அப்படியென்றால் முப்பதைத் தாண்டிய ரிசீவருக்கு எதைத்தான் கொடுக்கலாம்?
(மீண்டும் கோண்டாவில் வாசகர்)

பதில்: நான்காம் சுற்றுத் தெரிவைக் கொடுக்கலாம். 2007இல் நியூ இங்கிலாந்து அணி அதைக் கொடுத்து, முப்பது வயதான ராண்டி மொஸ் என்ற ரிசீவரை ஓக்லாந்து அணியிலிருந்து பெற்றது; டொம் பிறேடி எறிய, அவர் ஒரே பருவகாலத்தில் 23 டச்டவுன்களைப் பிடித்து லீக் சாதனை படைத்தார். ஓக்லாந்தில் அதற்கு முந்திய ஆண்டு மொஸ் மங்கிப் போயிருந்ததால்தான் அந்த விலை சாத்தியமானது. அவர் பழையபடி ஆடாமல் விட்டிருந்தாலும் அணி பெரிதாக எதையும் இழந்திருக்காது.

அதற்கு மேலே போக வேண்டுமென்றால் நிபந்தனையுடன் போகலாம். 2024 ஒக்டோபரில் அதே அடம்ஸை நியூயோர்க் ஜெட்ஸ் வாங்கியபோது மூன்றாம் சுற்றுத் தெரிவொன்றையே கொடுத்தது. குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே அது இரண்டாம் சுற்றாக உயரும் என்பது உடன்பாடு. ஜெட்ஸ் 5 வெற்றிகளுடன் பருவகாலத்தை முடித்தது, தெரிவு மூன்றாம் சுற்றிலேயே நின்றது, அடுத்த மார்ச்சில் அடம்ஸும் விடுவிக்கப்பட்டார். உங்கள் தம்பியின் மூத்த மகனின் அணி பேரம் பேசப் போகிறதென்றால், அந்த வகை நிபந்தனை இல்லாமல் இரண்டாம் சுற்றைத் தொடக் கூடாது என்று அவனிடம் சொல்லுங்கள்.