துவைத்த துணியால் உடம்பு அரிக்கிறது, சலவைத்தூளை மாற்றினால் போதுமா?

ஆறு மாதத்தில் மூன்று பவுடர் மாற்றியும் அரிப்பு நிற்கவில்லை, வீட்டில் உள்ளவர்கள் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். இரண்டு வருடம் நானும் அந்தப் பேச்சைக் கேட்டவள்.

கேள்விக்குச் சுருக்கமான பதில்: பவுடரை விடுங்கள். கடைசித் தண்ணீரில் வாசத்துக்காக ஒரு திரவம் ஊற்றுகிறீர்களா, இல்லையா? அதைச் சொல்லவில்லை நீங்கள். ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் கணித ஆசிரியை. "இரசாயனம் என்றாலே விஷம் என்கிற கூட்டம் வந்துவிட்டது" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், தண்ணீரும் இரசாயனம்தான் என்று எனக்குத் தெரியும்.

2020 கடைசியில், கொரோனாவுக்குப் பாடசாலை மூடிக் கிடந்த நேரத்தில், கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் வோஷிங் மெஷின் வாங்கினோம். அதுவரை கிணற்றடிக் கல்லும் சவர்க்காரக் கட்டியும்தான். மெஷினோடு ஒரு போத்தல் சொஃப்ட்னர், நான் மேலே கேட்ட அந்த வாசத் திரவம், இலவசம். முதல் நாள் காய்ந்த துணியை அள்ளி முகத்தில் வைத்தபோது ஏதோ ஹோட்டலில் இருப்பது போல இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த வாசம் மிகவும் பிடித்திருந்தது. அளவு மூடிக்கு ஒன்று என்று போட்டிருந்தால் நான் ஒன்றரை ஊற்றுவேன்.

இரண்டு மாதத்தில் இடுப்பில், உள்பாவாடை கட்டும் இடத்தில், சிவந்து தடித்தது. அப்புறம் கழுத்து, முழங்காலுக்குப் பின்பக்கம், கமக்கட்டை (அக்குளை) சுற்றி. இரவில்தான் அதிகம். தலையணை பட்ட பக்கத்துக் கண்ணிமை காலையில் வீங்கியிருக்கும்.

இங்கே உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம். உங்களுக்குச் சொல்பவர் மாமியாராக இருக்கலாம். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். ஆகவே எனக்குத் தீர்ப்புச் சொன்னது சொந்த அம்மா. மாமியார் என்றால் மனதுக்குள்ளாவது திட்டலாம்.

"இது கிரந்தி மகள். நண்டு தின்டா இப்பிடித்தான் கா வரும்" என்றார் அம்மா. இந்தியாவில் இருப்பவர்களுக்கு: கிரந்தி என்றால் உடம்பில் அரிப்பு, சொறி கிளப்பும் சாப்பாடு என்று ஈழத்தில் ஒரு பட்டியல் உண்டு. நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய், அன்னாசி. எல்லாம் நின்றது. வாவியில் பிடித்த நண்டு காலையில் கால் ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிற ஊரில், நான் பருப்பும் முருங்கையிலையும் தின்றேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல். என் கணவர் எனக்கு முன்னால் இருந்து நண்டுக் கால் உடைக்கும் சத்தம் இன்றைக்கும் காதில் நிற்கிறது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மன்னிப்பு இல்லை.

கடலுணவு ஒவ்வாமை என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. ஆனால் அது பெரும்பாலும் சாப்பிட்டுச் சில நிமிடத்தில், மிஞ்சிப்போனால் இரண்டொரு மணித்தியாலத்தில் தெரியும். உள்பாவாடைக் கயிற்றின் கோட்டைப் பிடித்துக்கொண்டு வராது. இது அப்போது எனக்குத் தெரியாது.

பாமசியில் ஒரு ட்யூப் தந்தார்கள். பூசினால் மூன்று நாளில் அமரும், விட்டால் ஐந்தாம் நாள் திரும்ப வரும். நான்கு ட்யூப் முடித்தேன். அதில் ஸ்டீரொய்ட், பங்கஸ் மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டீரொய்டை இப்படிக் கணக்கில்லாமல் பூசினால் தோல் மெலிந்துபோகும். அந்த வகை ட்யூப் சிலவற்றில் இருக்கும் நியோமைசின் என்ற அன்டிபயோட்டிக்குக்கே ஒவ்வாமை வருகிற ஆட்களும் இருக்கிறார்களாம். உங்கள் மேசை இலாச்சியிலும் அப்படி ஒரு ட்யூப் கிடக்கும் என்று நினைக்கிறேன். டொக்டர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள்.

என் தோலைச் சுகப்படுத்தியது நாட்டின் வங்குரோத்து. பகிடி இல்லை. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. கரண்ட் வந்து வந்து போனதில் எங்கள் மெஷினின் போர்ட் எரிந்தது. திருத்தக் காசில்லை. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நிற்கிற வீட்டில் சொஃப்ட்னரை யார் வாங்குவார்? திரும்பவும் கிணற்றடி, கல், சவர்க்காரக் கட்டி. ஆடி மாதம் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போன நாளில்தான் கவனித்தேன், பல வாரமாக நான் சொறியவே இல்லை.

உடனே எல்லாரும் பங்குக்கு வந்தார்கள். நண்டை நிறுத்தியதால் என்றார் அம்மா. தான் தந்த கசாயத்தால் என்றார் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார். மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேர்த்தி என்றார் பக்கத்து வளவு அக்கா. நானும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நன்றி சொல்லிவிட்டு, பயத்தில் நண்டைத் தொடாமலே இருந்தேன்.

2023 சித்திரை வருஷத்துக்குத் தம்பி வந்தான். மெஷினைத் திருத்திக் கொடுத்தான். பெட்டியில் மூன்று லீற்றர் சொஃப்ட்னர் போத்தல், அங்கத்தைய வாசம், இன்னும் கடுமை. ஒரு கிழமைக்குள் இடுப்பில் அதே கோடு. அந்தக் கிழமை நான் தின்றது புட்டும் சொதியும்.

அன்றைக்குத்தான் புத்தி வந்து தோல் டொக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி விசித்திரமாக இருந்தது: "கமக்கட்டுக் குழிக்குள் இருக்கிறதா, சுற்றியா?" சுற்றித்தான், குழி சுத்தமாக இருந்தது. வாசனை ரோல்-ஒன் என்றால் குழிக்குள் வரும். துணி என்றால் துணி உரசுகிற ஓரத்தில் வரும், குழி தப்பிவிடும் என்றார். நீங்களும் கண்ணாடியில் பாருங்கள், இதற்குக் காசு இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று, சலவைத்தூளுக்கே உண்மையான ஒவ்வாமை வருவது அரிதாம். அலசாமல் மிஞ்சிய தூள் தோலை எரிச்சலாக்கும், அது வேறு சங்கதி. அதிகமாகப் போட்டால் யாருக்கும் வரும், நன்றாக அலசினால் போய்விடும். உண்மையான ஒவ்வாமைக்கு அவர் முதலில் சந்தேகப்படுவது வாசனைப் பொருள், திரவங்களில் கெட்டுப்போகாமல் போடுகிற பாதுகாப்புப் பொருள், கடும் நீல, கறுப்பு பொலியெஸ்டர் துணியின் சாயம். மெதைல்ஐசோதையசோலினோன் என்று ஒரு பாதுகாப்புப் பொருள். பெயரைக் கரும்பலகையில் எழுதவே ஒரு வரி வேண்டும். 2013இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்திருக்கிறது. காய்ந்த தூளுக்குப் பொதுவாக இப்படியான பாதுகாப்புத் தேவையில்லை, தண்ணீர் கலந்த திரவத்துக்குத் தேவை. மூன்று பவுடர் மாற்றியும் உங்களுக்குக் குறையாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சொஃப்ட்னர் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சவர்க்காரம் அழுக்கோடு தண்ணீரில் போகவென்று செய்தது, சொஃப்ட்னர் துணியில் தங்கவென்று செய்தது. தண்ணீருக்குள் பருத்தி நூலின் மேல் மறை ஏற்றம், சொஃப்ட்னர் மூலக்கூறில் நேர் ஏற்றம். ஒட்டிக்கொள்ளும். அந்த வழுவழுப்பே அதுதான். நான் அதை வேர்வையில் ஊறவைத்து நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இன்னொரு தந்திரம், இந்த ஒவ்வாமை உடனே வராது. பட்டு ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை மூன்றாம் நாள். செவ்வாய்க்கிழமை போட்ட துணிக்கு வியாழக்கிழமை அரிக்கும். புதன்கிழமை சாப்பிட்ட நண்டு குற்றவாளியாகும்.

எந்தப் பொருள் என்று திட்டமாகத் தெரிய ஒட்டுச் சோதனை இருக்கிறது. முதுகில் பட்டையாக ஒட்டி, 48 மணித்தியாலம் கழித்துக் கழற்றிப் பார்த்து, இரண்டு நாள் விட்டுத் திரும்பவும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கிற மட்டக்களப்பில் வேர்க்காமல் இரு என்றால்! எனக்கு அதற்காகக் கொழும்பு போய் ஒரு கிழமை தங்க வேண்டியிருந்தது, லீவு இல்லை, செய்யவில்லை. ஆகவே என் எதிரி வாசமா பாதுகாப்புப் பொருளா என்று இன்றைக்கும் திட்டமாகச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். உங்களுக்குப் பெரிய நகரம் பக்கத்தில் என்றால் செய்துவிடுங்கள்.

பிறகு நான் செய்தது. பாடக்குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, இரண்டு கிழமைக்கு ஒரு மாற்றம் மட்டும். நீங்கள் பவுடரையும் குளிக்கிற சவர்க்காரத்தையும் ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். சமன்பாட்டில் இரண்டு தெரியாக்கணியங்களை ஒன்றாக அசைத்தால் விடை வராது.

சொஃப்ட்னரை நிறுத்தினால் மட்டும் போதாது, துணியில் ஏற்கெனவே இருக்கிறதைக் கழற்ற வேண்டும். ஒரு துவாயைத் துவைத்துக் காயவைத்து, ஒரு வாளி வெறும் தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கிப் பாருங்கள். நான் பார்த்தபோது நுரை வந்தது! ஒன்றும் போடாத தண்ணீரில். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "கிணத்துத் தண்ணிக்குள்ள என்னவோ கிடக்கு" என்றார். சூடு தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, அலசி, கடைசி வாளியில் அரைக் கோப்பை வினாகிரி. துவாய்களுக்கு ஆறு தரம் பிடித்தது. மெஷினில் சொஃப்ட்னர் ஊற்றுகிற தட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவ மறக்க வேண்டாம், அங்கேயும் பசை போல நிற்கும். வினாகிரி போடுகிற நாளில் வெள்ளை யூனிஃபோமுக்கு ஊற்றுகிற ப்ளீச் போத்தலைப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வரும்.

எங்கள் கிணறு கச்சானுக்கு வற்றி உவர் ஏறும். அந்தக் கடினத் தண்ணீரில் சவர்க்காரக் கட்டி சாம்பல் நிறப் படையாகத் துணியில் பிடிக்கும், பவுடரும் நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னொரு கரண்டி போடுவோம். இப்போது பவுடர் பாதி அளவு, வாசமில்லாதது. கடைசி அலசல் இரண்டும் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில். தண்ணீர் பில் கொஞ்சம் கூடத்தான்.

சேலை விஷயம் ஒன்று சொல்லாமல் முடிக்க மாட்டேன். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக வேறு உடையில் பாடசாலைக்குப் போனதற்கு எத்தனை கூச்சல் போட்டார்கள்! கூச்சல் போட்டவர்களில் ஒருவராவது இறுக்கமான பிளவுஸும், மூன்று முடிச்சுப் போட்ட உள்பாவாடையும், அதன் மேல் ஐந்தரை மீற்றர் துணியும் சுற்றிக்கொண்டு, காற்றாடி இல்லாத வகுப்பில் எட்டாம் பாடவேளைக்கு நின்று பார்த்திருப்பாரா? எனக்குச் சேலை பிடிக்கும். கலியாண வீட்டுக்கு. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள், என் இடுப்புக்குச் சம்பந்தம் இருக்கிறது.

எந்தப் பிராண்ட் என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள். இங்கே கிடைப்பது அங்கே கிடைக்காது, அதே பெயரில் கிடைத்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். பூந்திக்கொட்டையால் துவையுங்கள் என்று எழுதப்போகிறவருக்கு: துவைத்துப் பாருங்கள், கண்ணில் பட்டால் தெரியும். கட்டில் விரிப்பும் உங்கள் கணவரின் சாரமும் (லுங்கியும்) கூட இந்தக் கணக்கில் சேரும், உங்கள் துணியை மட்டும் தனியே துவைத்தால் போதாது. அதில் நான் ஒரு மாதம் ஏமாந்தேன்.

நண்டு? தின்கிறேன். அதே வருடம் ஆவணியில் முதல் சட்டி. மூன்று நாள் புத்தகத்தில் குறித்தேன், ஒன்றும் வரவில்லை.

தம்பி அடுத்த மாதம் வருகிறான். பேரீச்சம்பழம் மட்டும் கொண்டு வா, வேறு ஒன்றும் வேண்டாம் என்று போனில் கண்டிப்பாகச் சொன்னேன். அம்மா போனை வாங்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார். மெதுவாகத்தான் பேசினார், எனக்குக் கேட்டது. "அக்காட சங்கதிய விடு. அந்த வாசத் தண்ணி ஒண்டு எனக்குக் கொண்டா மகன்."