கிளிப்பர் சிப்பை ஏன் எதிர்த்தார்கள்?

அன்புள்ள ஐயா,

1993இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த கிளிப்பர் சிப்பை (தொலைபேசிப் பேச்சைப் பிறர் கேட்காதபடி மறைத்து, அரசு மட்டும் கேட்க வழிவிடும் சிப்) மக்கள் எதிர்த்ததைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். தரம் நிர்ணயிப்பது அரசின் வேலை. எடைக்கல்லுக்கு அரசு முத்திரை போடுவதை யாராவது எதிர்க்கிறார்களா? முறையான ஆணையோடு போலீஸ் ஒட்டுக்கேட்டால் நேர்மையானவனுக்கு என்ன பயம்? நம் நாட்டுக்கு இந்தச் சண்டையெல்லாம் தேவையா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எடைக்கல்லையே எடுத்துக்கொள்கிறேன். முத்திரை போட்ட கல்லில் சந்தேகம் வந்தால் இன்னொரு தராசில் வைத்துப் பார்க்கலாம். கிளிப்பரில் அதற்கு வழி இல்லை. தொலைபேசிப் பேச்சை மறையாக்கம் செய்ய, அதாவது பிறருக்குப் புரியாதபடி மாற்ற, வந்த அந்தச் சிப்புக்குள் ஓடிய ஸ்கிப்ஜாக் என்ற அல்காரிதத்தை (மறைக்கும் கணித முறையை) வடிவமைத்தது என்எஸ்ஏ என்ற உளவு அமைப்பு. அதன் விவரம் அரசு ரகசியம். வெளியாட்கள் ஐந்து பேரை மட்டும் அழைத்துக் காட்டினார்கள், அவர்களும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மற்றவர்கள் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் சாவி, அதாவது மறைத்த பேச்சைத் திறக்கும் ரகசிய எண். ஒவ்வொரு சிப்பின் சாவியையும் இரண்டு துண்டாக்கி, ஒன்றை நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனமும் மற்றதைக் கருவூலத் துறையும் வைத்திருக்கும். ஆணை வந்தால் இரண்டையும் சேர்த்துப் பேச்சைக் கேட்கலாம். இரண்டுமே நிர்வாகத்தின் கையில் உள்ளவை. நீதிமன்றத்திடம் ஒரு துண்டுகூடக் கிடையாது. நேர்மையானவனுக்கு என்ன பயம் என்கிறீர்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை எஃப்பிஐ ஒட்டுக்கேட்டது 1963இல் நீதித் துறை அமைச்சரான அட்டர்னி ஜெனரலின் ஒப்புதலோடுதான். அவர் எந்தக் குற்றத்தை மறைத்துக்கொண்டிருந்தார்?

நிஸ்ட் கருத்துக் கேட்டபோது வந்த 300க்கும் மேற்பட்ட பதில்களில் கிட்டத்தட்ட எல்லாமே எதிர்ப்பு. மின்னஞ்சல் வைத்திருந்தவர்களே குறைவாக இருந்த அந்தக் காலத்தில், மின்னஞ்சல் வழியாகவே பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1994 பிப்ரவரியில் அதை அரசுத் தரமாக அறிவித்துவிட்டார்கள்.

சில மாதங்களில் ஏடி&டி பெல் ஆய்வகத்தின் மேட் பிளேஸ் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் சிப் 128 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) நீளமுள்ள ஒரு துணுக்கை அனுப்பும். ஒட்டுக்கேட்பவர்களுக்கு அதுதான் வழி; அந்த உரையாடலின் சாவி அதற்குள்தான் இருக்கிறது. துணுக்கு சரியானதுதானா என்று எதிர்முனைச் சிப் சோதிப்பது அதிலுள்ள 16 பிட் சரிபார்ப்பு எண்ணை வைத்து. 16 பிட் என்றால் மொத்தம் 65,536 சாத்தியங்கள்தான். மனம்போன எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனால் சராசரியாக 42 நிமிடத்தில் ஒரு போலித் துணுக்கு சோதனையில் தேறிவிடும். பிறகு மறையாக்கம் வழக்கம்போல் நடக்கும், ஆனால் அரசிடம் உள்ள சாவித் துண்டுகளால் ஒரு பயனும் இல்லை. தொலைபேசியில் பேச இது அதிக நேரம்தான். கோப்பு, மின்னஞ்சல் அனுப்புகிறவனுக்கு 42 நிமிடம் ஒரு பொருட்டா?

ஆக, விவரம் தெரிந்த குற்றவாளி தப்பித்துக்கொள்வான். உங்களையும் என்னையும் போன்றவர்களின் சாவி மட்டும் அரசுப் பெட்டகத்தில் இருக்கும். அந்த ஐந்து நிபுணர்கள் ஆராய்ந்தது ஸ்கிப்ஜாக்கை. ஓட்டை இருந்ததோ சாவி ஒப்படைப்பு ஏற்பாட்டில். ஓரிரு ஆண்டுகளில் கிளிப்பர் கைவிடப்பட்டது.

அரசு தரம் நிர்ணயிப்பதையே இவர்கள் எதிர்த்தார்கள் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. 1997இல் அதே நிஸ்ட் ஏஇஎஸ் என்ற புதிய மறையாக்கத் தரத்துக்கு உலகம் முழுவதும் அழைப்பு விடுத்தது. வந்த 15 அல்காரிதங்களையும் வெளியிட்டு, முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்றது. கிளிப்பரைக் கடுமையாக எதிர்த்த மறையாக்க நிபுணர் புரூஸ் ஷ்னையரும் தன் குழுவோடு ஒன்றை அனுப்பினார். 2000இல் தேர்வானது இரண்டு பெல்ஜியக்காரர்கள் எழுதியது. தன்னுடையது தேறாவிட்டாலும் அந்த முறையை ஷ்னையர் மனதாரப் பாராட்டினார். இன்று உங்கள் வங்கிப் பரிவர்த்தனையைக் காப்பதும் ஏஇஎஸ்தான். அதுவும் அரசுத் தரம்தானே!

நம் நாட்டுக்குத் தேவையா என்று கேட்டீர்கள். 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு தேசிய மறையாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. மறையாக்கம் செய்து அனுப்பும் செய்திகளின் மூல வடிவத்தைக் குடிமக்களும் 90 நாள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்றது அது. வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பிய செய்திகூடவா என்று நாடே கேட்டது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். கோப்பில் ஏறும் ஒரு ஆட்சேபக் குறிப்புக்கு என்ன மதிப்பு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வரைவு வரும்போது நீங்களும் படித்துப் பார்த்து எழுதுங்கள். அதில் என்னோடு முரண்பட்டாலும் சரி.

அன்புடன்.