பாப்பா கிழித்த பிறப்புச் சான்றிதழும் இன்னும் சேர்க்கப்படாத பெயரும்

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்குப் பதினோரு மாதம் முடிந்துவிட்டது. தலைப்பிரசவம் என்பதால் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். வேலூர் மாநகராட்சியைச் சேர்ந்த காட்பாடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். மாமனார் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார், கணவர் வேறொன்றைச் சொன்னார், எண் கணிதம் பார்த்தவர் எழுத்தைக் கூட்டச் சொன்னார். இந்த இழுபறியில் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமலேயே விட்டுவிட்டோம். இப்போதுதான் எல்லோரும் ஒரு பெயருக்கு ஒத்து வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இராத பாப்பா, பீரோவின் அடித்தட்டிலிருந்த கோப்பை இழுத்துப் போட்டு, சான்றிதழை இரண்டாகக் கிழித்து, ஒரு மூலையை மென்றும் விட்டாள். பிரவுசிங் சென்டரில் கேட்டால், "முதல் பிறந்தநாளுக்குள் சேர்க்காவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும், 3,500 ரூபாய் கொடுங்கள், முடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். பிறந்தநாளுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கொடுத்துவிடலாமா? கிழிந்த சான்றிதழின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: கொடுக்க வேண்டாம். உங்களிடம் சொல்லப்பட்டது இரண்டு வெவ்வேறு நடைமுறைகளைக் கலந்து காய்ச்சிய பயமுறுத்தல். நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் பிறப்பு, இறப்புப் பதிவைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதே பயமுறுத்தலுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்த எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

பிறப்பைப் பதிவு செய்வது ஒன்று. பதிவான பிறப்பில் பெயரைச் சேர்ப்பது வேறொன்று. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அந்தக் கடமை மருத்துவமனையைச் சேர்ந்தது. ஓராண்டு கடந்தும் பிறப்பே பதிவாகாமல் இருந்தால்தான் ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை தேவைப்படும். உங்கள் மகளின் பிறப்பு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. சான்றிதழில் பதிவு எண்ணே இருக்கிறது. பெயர்க் கட்டம் மட்டும்தான் காலி. அந்தக் கட்டத்தை நிரப்பக் கோட்டாட்சியரும் வேண்டியதில்லை, நீதிமன்றமும் வேண்டியதில்லை.

அடுத்து காலக்கெடு. இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். ஏனெனில் தரகர்கள் மட்டுமன்றி, கவுன்ட்டரில் அமர்ந்திருப்பவர்களே சில நேரம் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். பெயரைக் கட்டணமின்றிச் சேர்ப்பதற்கான 12 மாதங்கள் குழந்தை பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. பிறப்பு பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. சான்றிதழில் பிறந்த தேதி ஒரு வரியிலும், பதிவு செய்த தேதி வேறொரு வரியிலும் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில், மென்ற மூலை நல்லவேளையாக வேறு பக்கத்தில் இருப்பதால், இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன: பிறந்தது ஆகஸ்ட் 18, பதிவானது செப்டம்பர் 4. ஆகவே பிறந்தநாளோடு எதுவும் முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டரை வாரம் உங்களுக்கு இருக்கிறது. மருத்துவமனை தாமதமாகத் தகவல் அனுப்பி, பதிவு இன்னும் தள்ளிப்போன குழந்தைகளுக்கு இந்த இடைவெளி இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். எந்த அலுவலகத்திலாவது "பிறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதே" என்று ஆரம்பித்தால், பதிவு தேதி உள்ள வரியை விரலால் சுட்டிக்காட்டுங்கள், வாதம் வேண்டியதில்லை. அந்தத் தேதியையும் தவறவிட்டால் வானம் இடிந்து விழுமா என்றால், அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 200 ரூபாய் தாமதக் கட்டணம் செலுத்தி, பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை பெயரைச் சேர்க்கலாம். அதாவது, 200 ரூபாய்க்கு மேல் ஆகவே ஆகாத ஒன்றுக்கு உங்களிடம் 3,500 ரூபாய் கேட்கிறார்கள், அதுவும் அந்த 200 ரூபாய்கூடத் தேவைப்படாத நாளில்.

எங்கே போவது என்பதில்தான் பெரும்பாலோர் வழிதவறுகிறார்கள். நீங்கள் குடியாத்தத்தில் வசிப்பதால் குடியாத்தம் நகராட்சிக்குப் போகத் தோன்றும். அங்கே உங்கள் மகளின் பதிவு இல்லை. பிறப்பு எந்த ஊர் எல்லைக்குள் நடந்ததோ அந்தப் பதிவாளரிடம்தான் பதிவேடு இருக்கும். உங்களுக்கு அது வேலூர் மாநகராட்சி. எந்த அலுவலகம் என்பது சான்றிதழிலேயே அச்சிடப்பட்டுள்ளது. இந்தப் பக்கத்தில் தாய்வீட்டில் பிரசவம், புகுந்த வீட்டில் வளர்ப்பு என்பது வழக்கமாதலால், இந்த ஒரு விவரம் தெரியாமல் கைக்குழந்தையோடு பேருந்தேறி அலைகிறவர்கள் ஏராளம். அதேபோல, அடுக்கம்பாறையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாம் பேச்சில் 'வேலூர் ஜி.எச்.' என்கிறோம், ஆனால் அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தையின் பதிவை மாநகராட்சியில் தேடுவது வீண் அலைச்சல். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு இன்னொரு புரளியும் சேர்ந்துகொண்டது: வாணியம்பாடியிலும் அரக்கோணத்திலும் அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் சான்றிதழில் 'வேலூர் மாவட்டம்' என்று இருப்பதைத் திருத்தினால்தான் செல்லும் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள். பிறந்த அன்று எந்த மாவட்டமோ அது அப்படியே இருக்கட்டும். அதைத் தொடவே வேண்டாம்.

கிழிந்த சான்றிதழைப் பற்றிக் கவலை வேண்டாம். உண்மையான ஆவணம் பதிவேட்டில் உள்ள பதிவுதான். உங்கள் கையிலிருந்தது அதன் நகல். பெயர் சேர்க்கும்போது கையிலுள்ள சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்களுடையதில் கியூஆர் கோடு இருப்பதால், மாநில அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு இணையதளத்திலிருந்து புதிதாக ஒரு பிரதியை இறக்கிக்கொள்ளலாம். கிழிந்த துண்டுகளையும் ஒரு உறையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். அவற்றை ஒட்டி லேமினேஷன் செய்துவிடாதீர்கள். நம் ஊரில் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்காமலேயே எதையும் பிளாஸ்டிக்குக்குள் தள்ளிவிடுகிறார். அப்படித் தள்ளிய தாளின் மேல் பதிவாளர் எதையும் எழுதவும் முடியாது, முத்திரை வைக்கவும் முடியாது. பெயருடன் புதிய சான்றிதழ் வந்த பிறகு மூன்று நான்கு பிரதிகள் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். தவழ்கிற பிள்ளை அடுத்த மாதம் பிடித்து நிற்கும், அதற்கடுத்த மாதம் நாற்காலி மேல் ஏறும். எனவே மேல்தட்டு என்று நான் சொல்வது உங்கள் தலைக்கு மேலே உள்ள தட்டை.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை: பெயரைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம், சான்றிதழ், பெற்றோரின் ஆதார் அட்டைகள், மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை. விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம். பெயரைப் பெற்றோரோ பாதுகாவலரோ தெரிவிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. வாய்மொழியாகவே தெரிவிக்கலாம் என்றுகூட அதில் உள்ளது. ஆனால் எந்தக் கவுன்ட்டரில் வாய்மொழியை ஏற்கிறார்கள்? கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும் என்று வற்புறுத்துகிற அலுவலகங்கள் உண்டு. கம்மவான்பேட்டை போன்று வீட்டுக்கு வீடு இராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில், எல்லையில் நிற்கிற தகப்பனை ஒரு கையெழுத்துக்காக எப்படி வரவழைப்பது? உங்கள் கணவர் உள்ளூரிலேயே இருந்தால் இருவருமாகக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுங்கள். அது சட்டத்துக்காக அல்லாவிட்டாலும், நாளைக்கு மாமனார் 'என்னைக் கேட்காமல் வைத்தாள்' என்று சொல்லாமலிருக்கவாவது உதவும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு நாள் தவறினால் கிராமச் சுகாதாரச் செவிலியர் தொலைபேசியில் அழைத்துக் கண்டிக்கிறார். கருவுற்ற நாளிலிருந்து தாய்க்கு ஒரு 12 இலக்க எண் கொடுத்து, ஒவ்வொரு பரிசோதனையையும் கணினியில் ஏற்றுகிறது அரசு. அதே கணினியில் அதே கைபேசி எண் இருக்க, 'உங்கள் குழந்தையின் பெயர் இன்னும் சேர்க்கப்படவில்லை' என்று பத்தாம் மாதத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எத்தனை செலவாகும்? அந்தக் குறுஞ்செய்தி வராததால் தோன்றும் வெற்றிடத்தில்தான் தரகர் கடை போடுகிறார். பத்து மணிக்குத் திறக்கும் கவுன்ட்டரில் "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னால், எந்தக் கைக்குழந்தைக்காரி நான்காம் நாளும் வருவாள்?

தரகர்களின் முறையும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். முதலில் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதன்பின் நீங்கள் அவர்கள் பிடியில். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். தேவையே இல்லாத முத்திரைத்தாள் உறுதிமொழி ஒன்றைத் தட்டச்சு செய்து, நோட்டரி செலவு என்று தனிக் கணக்கு எழுதுவார்கள். 'உள்ளே கொடுக்க வேண்டும்' என்று சொல்லி வாங்கும் தொகையில் உள்ளே எவ்வளவு போகிறது என்பதைக் கேட்க உங்களுக்கு வழியில்லை. எல்லாவற்றையும்விடக் கேடு, பெயரின் எழுத்துகளை அவர்கள் அவசரத்தில் தவறாக ஏற்றிவிடுவது. அலுவலகத்திலேயே யாராவது பணம் கேட்டால், மறுத்துவிட்டு விண்ணப்பத்துக்கு ஒப்புகை கேளுங்கள். ஒப்புகையும் தராவிட்டால், சத்துவாச்சாரியிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்வு நாளில் ஒரு மனுவைக் கொடுங்கள். 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்திலும் புகாரைப் பதியலாம். மனு எழுதித் தருகிறேன் என்று அங்கேயும் வாசலில் ஆள் நிற்பார். அதையும் நீங்களே எழுதுங்கள்.

இனி பெயர். ஒருமுறை ஏறிய பெயரை மனம் மாறியது என்பதற்காகப் பதிவாளர் மாற்றித் தரமாட்டார்; எழுத்துப் பிழை போன்றவற்றை மட்டுமே உரிய சான்றோடு திருத்துவார். ஆகவே எண் கணிதக்காரர் கூட்டச் சொன்ன அந்த ஓர் எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். கவுன்ட்டர் முன் நின்று கைபேசியில் மாமனாரைக் கேட்பதற்கு வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அனுமதிக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், இரட்டித்த ஆங்கில எழுத்துகளைத் தவிர்ப்பேன். பள்ளியில் ஒருவர் ஒன்றை விடுவார், வங்கியில் இன்னொருவர் ஒன்றைச் சேர்ப்பார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் பெயரை ஒரு தாளில் எழுதி, கணினியில் ஏற்றுபவரின் முன் வையுங்கள். அச்சிடுவதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லி, மகளின் பெயரோடு உங்கள் இருவரின் பெயர்களும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்த உங்கள் மகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, வாக்காளர் பட்டியல் முதலியவற்றுக்குப் பிறந்த தேதிக்கான சான்று இந்தச் சான்றிதழ்தான். எனவே ஆதாருக்கு அவசரப்பட்டு முதலில் ஓடாதீர்கள். பெயருடன் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, அதே எழுத்துகளில் ஆதாருக்குப் பதியுங்கள். ஐந்து வயதுக்குள் கைரேகையும் கண் கருவிழியும் எடுப்பதில்லை. பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு குழந்தையின் படம் மட்டும் எடுக்கிறார்கள், புதிய பதிவுக்குக் கட்டணமும் கிடையாது. படத்துக்காக அவளைச் சில விநாடிகள் அசையாமல் உட்கார வைப்பதற்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை. பால் குடித்துத் தூங்கி எழுந்த வேளையில் கூட்டிச் செல்லுங்கள்.